எந்தச் சக்கரம் முதலில் தூக்கும்? சஸ்பென்ஷன் ஆர்ட்டிகுலேஷனை அளக்கும் முறை

ஆஃப்-ரோடு படங்களில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். பாறை மேல் ஒரு ஜீப், அதன் ஒரு சக்கரம் அந்தரத்தில், ஓட்டுபவர் முகத்தில் பெருமிதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்தவர் அந்தப் படத்தில் வேறொன்றைக் கவனிப்பார். அந்தச் சக்கரம் தரையைத் தேடி இறங்கியிருக்கிறது, ஓரளவுக்கு மேல் இறங்க முடியாமல் தொங்கிவிட்டது. வண்டியின் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பு, எந்த இடத்தில் கைவிரித்தது என்பதுதான் அந்தப் படத்தில் உள்ள செய்தி.

சக்கரம் அந்தரத்தில் நின்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். சாதாரண டிஃபரென்ஷியல் (என்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பிரித்துக் கொடுக்கும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்றவைக்க விசையே அதிகம் வேண்டாம். அதனால் தரையில் அழுந்தி நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போய்ச் சேரும். தொங்கும் சக்கரம் வேகமாகச் சுற்றும், நிற்கும் சக்கரம் நின்றுகொண்டே இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இயக்கம் போகும் வண்டியாக இருந்தாலும், முன்னால் ஒன்றும் அதற்கு எதிர்மூலையில் பின்னால் ஒன்றும் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டால் அதோடு சரி, வண்டி நகராது. மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் பாதையில் இந்த எதிர்மூலைத் தூக்கல் வெகு சாதாரணமாக நடக்கும்.

ஆகவே சக்கரங்கள் எவ்வளவு தூரம் தரையை விடாமல் பின்தொடரும் என்பது முக்கியமான கேள்வி. அந்தத் திறனுக்குத்தான் ஆர்ட்டிகுலேஷன் என்று பெயர். ஆஃப்-ரோடு ஆட்கள் பேச்சில் 'ஃப்ளெக்ஸ்' என்பார்கள்.

ஆர்ட்டிகுலேஷன் என்பது முறுக்கம்

ஒரு சக்கரம் மேலே எவ்வளவு ஏறும், கீழே எவ்வளவு இறங்கும் என்பது சக்கர ஓட்டம். ஆர்ட்டிகுலேஷன் அதோடு நெருங்கிய தொடர்புள்ளதுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரே ஆக்ஸிலில் இடது சக்கரம் ஏறும்போது வலது சக்கரம் இறங்க வேண்டும், அதே நேரம் பின் ஆக்ஸிலில் இது தலைகீழாக நடக்க வேண்டும். முன் ஆக்ஸில் ஒரு பக்கம் சாய, பின் ஆக்ஸில் எதிர்ப்பக்கம் சாய, நடுவில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிலையில் நிற்கும். ஈரத் துணியைப் பிழியும் இரண்டு கைகளைப் போல முன்னும் பின்னும் எதிரெதிராகத் திரும்புகின்றன. எவ்வளவு திரும்ப முடியும் என்பதே நாம் அளக்கப்போவது.

இதில் வண்டியின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கும் ரிஜிட் ஆக்ஸிலில், ஒரு பக்கம் மேலே தள்ளப்பட்டால் மறுபக்கம் தானாகவே கீழே அழுத்தப்படும். ஆர்ட்டிகுலேஷனுக்கு இது நல்ல குணம். சுசுகி ஜிம்னியிலும் ஜீப் ரேங்லரிலும் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில்தான். தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் ஏறுவது மறு சக்கரத்தை நேரடியாகத் தள்ளாது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையின் நீளமும், சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் முனையிலுள்ள ஜாயிண்ட் எவ்வளவு கோணம் தாங்கும் என்பதும் அங்கே எல்லை வகுத்துவிடும். மகிந்திரா தாரின் 2020 மாடலில் முன்னால் தனித்தனி, பின்னால் ரிஜிட் ஆக்ஸில் என்ற கலப்பு. இப்படிப்பட்ட வண்டியில் முறுக்கத்தின் பெரும்பங்கைப் பின் ஆக்ஸில்தான் சுமக்கும். ஏன் என்று கீழே கணக்கில் பார்ப்போம்.

ஸ்பிரிங்கும் கணக்கில் வரும். ரேங்லரின் 'ஒய்ஜே' தலைமுறை வரை பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அடுத்து வந்த 'டிஜே' தலைமுறை நான்கு மூலைக்கும் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. ஆஃப்-ரோடு ஆட்கள் அந்த மாற்றத்தைக் கொண்டாடியதற்கு முக்கியக் காரணம் ஆர்ட்டிகுலேஷன்தான்.

அப்புறம் ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடது, வலது சக்கரங்களை இணைத்திருக்கும் வளைந்த கம்பி அது. ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்குவதைத் தடுப்பதுதான் அதன் வேலையே. நெடுஞ்சாலையில் அது நமக்கு நண்பன், பாறையில் எதிரி. ரேங்லர் ரூபிகானில் ஒரு பட்டனை அழுத்தினால் முன் பார் விடுபட்டுவிடும். மற்ற பெரும்பாலான வண்டிகளில் கீழே படுத்து, பாரின் முனையைப் பிடித்திருக்கும் லிங்க்கைக் கழற்ற வேண்டியதுதான்.

ராம்ப் முறை

எல்லோரும் சொல்லும் எண் ராம்ப் டிராவல் இண்டெக்ஸ், சுருக்கமாக ஆர்.டி.ஐ. முறை ரொம்ப எளிது. 20° சாய்வுள்ள, ஒரு சக்கரம் மட்டும் ஏறக்கூடிய அகலத்தில் ஒரு சரிவுப் பலகை. சமதரையில் அதை வைத்து, வண்டியின் ஒரு முன்சக்கரத்தை மட்டும் அதில் மெதுவாக ஏற்ற வேண்டும். மற்ற மூன்றும் தரையில். எப்போது அந்த மூன்றில் ஏதாவது ஒன்று தரையை விடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ராம்ப்பின் அடியிலிருந்து முன்சக்கரம் தொடும் இடம் வரை சரிவின் மேலேயே டேப் பிடித்து அளந்து, அந்தத் தூரத்தை வீல்பேஸால் வகுத்து, 1000ஆல் பெருக்கினால் ஆர்.டி.ஐ. வீல்பேஸ் என்பது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைப்பட்ட தூரம்.

ஒரு வண்டியின் வீல்பேஸ் 2540 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ராம்ப்பில் 1270 மி.மீ. ஏறியதும் ஒரு பின்சக்கரம் தூக்கிவிட்டது. 1270 ÷ 2540 × 1000 = 500. இதுதான் அந்த வண்டியின் மதிப்பெண். அந்த நேரத்தில் முன்சக்கரம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும்? 20 டிகிரியின் சைன் மதிப்பு 0.342. 1270ஐ அதால் பெருக்கினால் சுமார் 434 மி.மீ. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் எஸ்யூவிகள் பெரும்பாலும் 400 முதல் 550 வரை வாங்கும். போட்டிக்காகவே மாற்றிக் கட்டிய வண்டிகள் 1000ஐத் தாண்டுவதும் உண்டு. 1000 என்றால் முன்சக்கரம் ஒரு வீல்பேஸ் தூரம் ஏறிவிட்டது, அதே பக்கப் பின்சக்கரம் ராம்ப்பின் அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 1000க்கு மேல் போனதும் பின்சக்கரமும் ராம்ப்பில் ஏறத் தொடங்குகிறது. முன்சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் பின்சக்கரமும் ஒரு அங்குலம் ஏறும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் அதற்கு மேல் மாறாது. 2540 மி.மீ. வீல்பேஸுக்கு அது ஏறக்குறைய 869 மி.மீ.யிலேயே நின்றுவிடும். ஆக, 1000க்கு மேல் வண்டி கூடுதலாக முறுக்கிக்கொள்வதில்லை, பக்கவாட்டில் சாய்வதுதான் கூடுகிறது. அதீத ஃப்ளெக்ஸ் உள்ள வண்டிகளுக்கு 30° ராம்ப் வைப்பதில் நியாயம் இருப்பது இதனால்தான். அங்கே இரண்டு சக்கரங்களுக்கும் இடையே வீல்பேஸில் பாதியளவு உயர வித்தியாசம் வரை உண்டாக்க முடியும்.

வீல்பேஸால் ஏன் வகுக்கிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். சின்ன வண்டியையும் நீள வண்டியையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பது நோக்கம். இதனால் நீள வண்டிக்கு எப்போதும் கொஞ்சம் பாதகம்தான். இரண்டு கதவு ரேங்லர் 'ஜேஎல்'லின் வீல்பேஸ் சுமார் 2459 மி.மீ., நான்கு கதவுடையதற்குச் சுமார் 3008 மி.மீ. இரண்டும் ராம்ப்பில் சரியாக 1500 மி.மீ. ஏறின என்று வைத்தால், சின்னதுக்கு 610, பெரியதுக்கு 499. சக்கரம் ஏறிய உயரம் இரண்டிலும் ஒன்றேதான். வீல்பேஸ் நீளமானால் அதே குழியில் இரண்டு ஆக்ஸிலும் ஒரே நேரத்தில் மாட்டும் விதமும் மாறும் என்பதால் இந்த வகுத்தலை முழுக்க அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கதவுக்காரர் நான்கு கதவுக்காரரிடம் எண்ணைக் காட்டிப் பெருமைப்படுவது கொஞ்சம் ஓவர்.

எண்ணைக் கெடுக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்

முதலில் ராம்ப்பின் சாய்வு. எல்லா ராம்ப்பும் 20° இல்லை, 23 டிகிரியிலும் 30 டிகிரியிலும் உண்டு. மேலே 500 வாங்கிய அதே வண்டி 23° ராம்ப்பில் அதே 434 மி.மீ. உயரத்தை 1111 மி.மீ. தூரத்திலேயே எட்டிவிடும், மதிப்பெண் 437. 30° ராம்ப்பில் சுமார் 868 மி.மீ., மதிப்பெண் 342. வண்டி மாறவில்லை, பலகைதான் மாறியது. யாராவது ஆர்.டி.ஐ. எண் சொன்னால் முதல் கேள்வி 'எத்தனை டிகிரி ராம்ப்?' என்பதாக இருக்கட்டும். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, எந்தப் புள்ளி வரை அளப்பது. சக்கரத்தின் நடு அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது ராம்ப்பைத் தொடும் இடம் வரை அளப்பது இயல்பாகத் தோன்றும். அது தவறான இடம். சரிவில் நிற்கும் டயர், அச்சுக்கு நேர் கீழே தரையைத் தொடாது, அதற்குக் கொஞ்சம் முன்னால், மேட்டுப் பக்கமாகத் தொடும். 380 மி.மீ. ஆரமுள்ள டயருக்கு இந்த வித்தியாசம் சரிவின் மேல் 138 மி.மீ. வரும். 2540 மி.மீ. வீல்பேஸ் வண்டியில் அது 54 மதிப்பெண்ணைத் தின்றுவிடும். அதனால் தூக்குக்குண்டை ஓரமாக வைத்துவிட்டு, தச்சர்கள் வைத்திருக்கும் பெரிய மூலைமட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை ராம்ப்பின் மேல் படியவைத்து, மறு கை சக்கர அச்சின் நடுவைத் தொடும்படி நகர்த்தினால், மூலை நிற்கும் இடம்தான் டயர் தொடும் இடம். டேப்பை அதுவரை பிடித்தால் போதும்.

மூன்றாவது, 'தூக்கிவிட்டது' என்பதை எப்போது சொல்வது? டயர் பலூனைப் போல ஒரே நொடியில் கிளம்பாது. முதலில் அடிப்பக்கப் பிதுக்கம் குறையும், பிறகு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், அப்புறம்தான் விடும். கண்ணால் பார்த்தால் ஆளுக்கொரு கருத்து வரும். தரையில் இருக்கும் மூன்று சக்கரங்களின் அடியிலும் ஒரு தடித்த காகிதப் பட்டையை முன்கூட்டியே வைத்துவிட்டு வண்டியை ஏற்றுங்கள். ஒவ்வொரு சாணாக ஏறி நின்றதும் உதவிக்கு நிற்பவர் பட்டையை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கிழியாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்தச் சக்கரம் போய்விட்டது. பெரும்பாலும் ஏறும் பக்கத்துப் பின்சக்கரம்தான் முதலில் போகும்.

டயர் காற்று, எரிபொருள் டாங்க், மேலே கூரைச் சுமை, உள்ளே எத்தனை பேர், ஸ்டெபிலைசர் பார் மாட்டியிருக்கிறதா இல்லையா, எல்லாமே எண்ணை நகர்த்தும். அதில் பார்தான் பெரிய புள்ளி.

ராம்ப் இல்லாமல் அளப்பது

இதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒரே ஒரு எண்ணுக்குப் பதிலாக நான்கு மூலையும் தனித்தனியாகப் பேசும்.

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இடது முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் அகலமான, கெட்டியான கட்டைகளை அடுக்கி, சக்கரத்தை அதன் மேல் இறக்குங்கள். காகிதப் பட்டை ஏதாவது ஒரு மூலையில் உருவி வரும் வரை கட்டை உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உருவி வந்ததும் நான்கு மூலையையும் மறுபடி அளக்க வேண்டும்.

இதைச் செய்யும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், அதில் ஒன்றுதான் தூக்கப்போகிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரைப் போல ஹேண்ட் பிரேக், பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் பிரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் வண்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு பின்சக்கரம் தூக்கியதும் டிஃபரென்ஷியல் வழியாக அது சும்மா சுற்ற, தரையில் இருக்கும் சக்கரமும் விடுபட்டு வண்டி உருளலாம். அந்த வண்டியில், முன் இயக்கத்தையும் பின் இயக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கைப் போட்டுவிடுங்கள். எந்த வண்டியானாலும் தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடுப்புக்கட்டை வையுங்கள். தூக்கிய வண்டிக்குக் கீழே தலையை நீட்டவே வேண்டாம்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு வீல்பேஸ் 2450 மி.மீ., இடது டயர் நடுவிலிருந்து வலது டயர் நடு வரை 1500 மி.மீ. உள்ள ஒரு வண்டி. சமதரையில் முன் மூலைகள் இரண்டும் 500 மி.மீ., பின் மூலைகள் இரண்டும் 520 மி.மீ. இடது முன்சக்கரத்தின் அடியில் கட்டை உயரம் 340 மி.மீ. ஆனபோது இடது பின்சக்கரத்தின் காகிதம் உருவி வந்துவிட்டது. அப்போது அளந்தால், இடது முன் 430, அதாவது 70 மி.மீ. உள்ளே ஏறியிருக்கிறது. வலது முன் 570, 70 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. இடது பின் 640, 120 மி.மீ. இறக்கம். வலது பின் 440, 80 மி.மீ. ஏற்றம்.

நான்கு மாற்றங்களையும் கூட்டிப் பாருங்கள். 70, 70, 120, 80. மொத்தம் 340. கட்டையின் உயரமும் அதேதான்! இது தற்செயல் இல்லை. சேஸி வளையாத ஒரு தட்டையான பலகை என்று எடுத்துக்கொண்டால், ஒரு சக்கரத்துக்குக் கொடுத்த உயரத்தை நான்கு மூலைகளும் தங்களுக்குள் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். உண்மையான வண்டியில் கூட்டுத்தொகை கட்டை உயரத்தைவிடக் கொஞ்சம் குறைந்து வரும். மிச்சம், சேஸி முறுக்கியதும் டயர்கள் அமுங்கியதும். வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தாலோ, கட்டை உயரத்தைவிடக் கூட்டுத்தொகை அதிகமாக வந்தாலோ எங்கேயோ டேப்பைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், மறுபடி அளங்கள்.

அடுத்த பார்வை இன்னும் சுவையானது. முன் ஆக்ஸிலின் பங்கு 70 + 70 = 140. பின் ஆக்ஸிலின் பங்கு 120 + 80 = 200. 1500 மி.மீ. அகலத்தில் 140 மி.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 5.3° சாய்வு, 200 மி.மீ. என்றால் சுமார் 7.6°. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 13° முறுக்கம். பின் ஆக்ஸில்தான் அதிகம் உழைக்கிறது. முன்பக்கம் விறைப்பாக இருக்கும்போது, வண்டியின் உடல் முன் ஆக்ஸிலோடு சேர்ந்தே சாய்ந்துவிடும். அந்தச் சாய்வை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு முழுவதும் பின்னால் போய் விழும். முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷனும் தடித்த ஸ்டெபிலைசர் பாரும் உள்ள வண்டிகளில் பின்சக்கரம் சீக்கிரம் தூக்குவது இதனால்தான். 'பின்பக்கம் சரியில்லை' என்று நினைத்துப் பின் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். கோளாறு முன்பக்கம் வளைந்துகொடுக்காததில் இருக்கும்.

முன் பாரின் ஒரு லிங்க்கைக் கழற்றிவிட்டு இதே சோதனையைத் திரும்பச் செய்தால் இது கண்கூடாகத் தெரியும். முன்பக்க எண்கள் கூடும், பின்பக்கச் சுமை குறையும், சக்கரம் தூக்கும் உயரம் மேலே போகும். எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. சோதனை முடிந்ததும் லிங்க்கை மறக்காமல் மாட்டிவிடுங்கள். பார் இல்லாமல் சாலையில் வேகமாக வளைவெடுப்பது வேண்டாத வேலை.

கட்டை உயரத்திலிருந்து ஆர்.டி.ஐ.க்கும் போய்விடலாம். 340ஐ 0.342ஆல் வகுத்தால் 994 மி.மீ., அதை 2450ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 406. தோராயம்தான். சரிவில் நிற்கும் டயரின் அச்சு, அதே உயரக் கட்டையில் நிற்கும்போது இருப்பதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும் என்பதால், நிஜ ராம்ப்பில் இந்த வண்டிக்கு இருபது முப்பது மதிப்பெண் கூடுதலாகவே கிடைக்கும்.

எண் சொல்லாதது

இத்தனை கணக்கும் ஒரு கேள்விக்குத்தான் பதில்: சக்கரம் எவ்வளவு தூரம் எட்டும்? எட்டிய இடத்தில் அது தரையை எவ்வளவு அழுத்தும் என்று இந்த எண் சொல்லாது. பிடிமானம் வருவது அழுத்தத்தால்.

சமதரையில் ஒரு பின்சக்கரம் 350 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3.5 கிலோ மாறும் விறைப்பானது. சக்கரம் 100 மி.மீ. இறங்கினால் சுமை பூஜ்யம். அதே இடத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்ற மென்மையான ஸ்பிரிங் இருந்தால், 100 மி.மீ. இறங்கிய பிறகும் 150 கிலோ அழுத்தம் மிச்சம் இருக்கும். மென்மையான நீளமான ஸ்பிரிங்கை ஆஃப்-ரோடு ஆட்கள் தேடுவது ராம்ப் மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை, இந்த மிச்ச அழுத்தத்துக்காகத்தான். என்ன, சாலை வளைவில் அந்த வண்டி கொஞ்சம் தாலாட்டும்.

மதிப்பெண்ணை மட்டும் குறிவைத்தால் ஏமாற்ற வழிகள் நிறைய. ஷாக் அப்சார்பரை ரொம்ப நீளமாகப் போட்டு, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகித் தொங்கும்படி செய்துவிடலாம். சக்கரம் இன்னும் கீழே போகும், காகிதமும் சிக்கிக்கொள்ளும், எண்ணும் உயரும். ஆனால் அந்தச் சக்கரத்தின் மேல் இருப்பது ஆக்ஸிலின் சொந்த எடை மட்டுமே. ஈரமான பாறையில் அது சும்மா சுற்றும். போதாக்குறைக்கு, வண்டி திரும்ப அமரும்போது ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்காரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

லாக்கர் என்றொரு சமாசாரமும் இருக்கிறது. டிஃபரென்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைத்துவிட்டால், ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் மற்றது வண்டியை இழுத்துவிடும். 400 மதிப்பெண்ணும் இரண்டு லாக்கரும் உள்ள வண்டி, 600 மதிப்பெண்ணும் திறந்த டிஃபரென்ஷியலும் உள்ள வண்டி தவித்து நிற்கும் இடத்தைச் சாதாரணமாகக் கடப்பதுண்டு. தூக்கிய சக்கரத்துக்குத் தானே பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாடும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் சக்கரம் தூக்கும்போது வண்டி சட்டென்று ஒரு பக்கம் சரியுமே, அதை லாக்கர் தடுக்காது. ஓட்டுபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் வயிற்றைக் கலக்கும் அந்தச் சரிவைக் குறைப்பது ஆர்ட்டிகுலேஷன்தான்.

ஆகவே அடுத்தவர் வண்டியோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் வண்டியை உங்கள் வண்டியோடேயே ஒப்பிடுவதற்குத்தான் இந்த அளவீடு அதிகம் உதவும். புது ஸ்பிரிங் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை. சுமை ஏற்றாமல் ஒரு முறை, பயணத்துக்குச் சாமான் ஏற்றிய பின் ஒரு முறை.

எது தடுக்கிறது என்று பார்ப்பது

சக்கரம் தூக்கிய நிலையில் வண்டி கட்டை மேல் நிற்கும்போதே, பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எல்லா மூலையையும் ஒரு நோட்டம் விடுங்கள். தூக்கிய சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டுவிட்டதா? நீண்டிருந்தால் எல்லை அதுதான். இன்னும் தண்டு மிச்சமிருந்தும் சக்கரம் இறங்கவில்லையென்றால் பிடித்து வைத்திருப்பது ஸ்டெபிலைசர் பாராகவோ, இறுகிப்போன புஷ்ஷாகவோ (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), தன் முழு நீளத்துக்கும் விரிந்து முடித்த ஸ்பிரிங்காகவோ இருக்கும். எதிர்மூலையில், அமுங்கிய சக்கரத்தின் ஏற்றத்துக்கு எல்லை வைக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் தொட்டுவிட்டதா, டயர் மட்கார்டின் உட்பக்கத்தை உரசுகிறதா என்றும் பாருங்கள். ஷாக் தண்டு வெளியே தெரியும் வகையென்றால் சோதனைக்கு முன்பே அதில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, ஷாக்கின் தடித்த குழாய்ப் பக்கமாகத் தள்ளிவைத்துவிடலாம். எவ்வளவு அமுங்கியது என்பதை அது நின்ற இடமே காட்டிவிடும்.

பிரேக் ஹோஸைத் தவறாமல் பாருங்கள். முழுக்க இறங்கிய சக்கரத்தில் அது விறைத்து இழுபடக் கூடாது. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் நீளமாக்கிவிட்டு ஹோஸை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அது அறுந்தால் ஆர்ட்டிகுலேஷன் பற்றிய கவலையே மிஞ்சாது.

ஒரு பக்கம் முடிந்ததும் வலது முன்சக்கரத்தையும் அதே போலத் தூக்கி அளந்துவிடுங்கள். எரிபொருள் டாங்க், பேட்டரி, ஓட்டுபவர் எடை எல்லாம் ஒரு பக்கமாக இருப்பதால் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வராது, சின்ன வித்தியாசம் சகஜம். ஒரு பக்கம் 340, மறுபக்கம் 270 என்று வந்தால் ஒரு ஷாக்கோ புஷ்ஷோ சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எழுதி வைக்கும்போது கட்டை உயரத்தோடும் நான்கு மூலை அளவுகளோடும் டயர் காற்று, டாங்க்கில் எவ்வளவு எரிபொருள், பார் மாட்டியிருந்ததா, எந்தச் சக்கரம் முதலில் தூக்கியது என்ற நான்கையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நிலையில் நிறுத்தி அளந்தால்தான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.